வானசாஸ்திரப் பிரசங்க வகுப்பு நடத்திய கதை

பிள்ளைகளை வாயை மூடச் சொல்லுகிற வாத்தியாருக்குத் தொண்டைதான் கட்டும். வாயைத் திறந்து பேசச் சொல்லுகிற வாத்தியாருக்கு உயிரே போகும். உங்களில் யாராவது அந்தப் பாவத்தைச் செய்திருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து அழலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் கணித உபாத்தியாயர். வால் நட்சத்திரம் வந்துபோன வருஷம். ஊரெல்லாம் வானத்தைப் பற்றியே பேச்சு. அந்தச் சூட்டில் பிரின்ஸிபலிடம் மன்றாடி, சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு வாங்கினேன். சீமையிலிருந்து கப்பலில் வருகிற வானசாஸ்திரப் பத்திரிகைகளை மேல்வகுப்பு மாணவர்கள் படிக்க வேண்டும். புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தமிழில் பிரசங்கம் செய்ய வேண்டும். பிரின்ஸிபல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருஷக் கடைசியில் ஒரு பையனாவது கல்லூரியை நடத்தும் கமிட்டியார் முன்னால் நின்று சொந்தப் புத்தியில் பேச வேண்டும், இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார். தினமும் முக்கோணம் போட்டு மரத்துப்போன எனக்கு வாரத்தில் உயிர் வந்ததே அந்த ஒரு மணி நேரத்தில்தான். அதனால் தலையாட்டிவிட்டேன்.

முதல் பிரசங்கம்

கந்தசாமி எழுந்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அடடா, பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். அவன் ஆரம்பித்தான்: "இந்த நட்சத்திரத்தை முப்பது வருஷமாக நான் கவனித்து வருகிறேன். முழங்கால் அளவு பனி பெய்தபோதும் விடவில்லை. குறிப்பெடுக்க என் மனைவி உதவி செய்தாள்."

கந்தசாமிக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. பாளையங்கோட்டை வெயிலில் பனி எங்கே பெய்தது? பத்திரிகையில் ஒரு வெள்ளைக்காரர் எழுதியதை அப்படியே தமிழாக்கி நெட்டுருப் போட்டிருக்கிறான்! மற்றவர்களாவது சிரித்தார்களா? மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, இதெல்லாம் உனக்கா நடந்துது?" என்று கேட்டேன். அவன் பணிவாகச் சொன்னான்: "ஒரு எழுத்து விடாமச் சொல்லிட்டேன் சார். நடந்துதா இல்லியான்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கிராசனர்

வகுப்புக்குள்ளேயே பேசினால் கூச்சம் போகாது என்று ஊராரை அழைத்து ஒரு கூட்டம் வைத்தேன். புத்தி கெட்டுப்போய் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அக்கிராசனராகப் போட்டேன். அவர் முன்னுரை சொல்ல எழுந்தார். சிருஷ்டியில் தொடங்கினார், தம் காசி யாத்திரைக்கு வந்தார், அங்கிருந்து தம் பழைய கேஸ்களுக்குப் போனார். பேச வேண்டிய சங்கரன் பக்கத்தில் வேர்த்து வடிய நின்றுகொண்டே இருந்தான். நான் மணியைக் காட்டினேன், கனைத்தேன், நாற்காலியை இழுத்துச் சத்தம்கூடப் போட்டேன். மனுஷர் அசையவில்லை. இருட்டிவிட்டது. வந்தனோபசாரம் சொல்லி மாலை போட்டு அனுப்பினோம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வக்கீல் சொன்னார்: "பையன் ரொம்ப அடக்கமானவன் வே. இம்புட்டு நேரம் ஒரு வார்த்த பேசல்ல, பாத்தீரா?"

செவ்வாயில் கால்வாய்

அடுத்த கூட்டத்துக்கு அக்கிராசனரே கிடையாது என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க் கிரகத்தில் கோடுகள் தெரிகின்றன, அவை கால்வாய்களாக இருக்கலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள் என்று சங்கரன் நன்றாகவே தொடங்கினான். கால்வாய் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த மிராசுதார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மடை திறப்பது யார் என்று ஒருவர் கேட்டார். மேலூர்க்காரன் திறந்தால் கீழூர்க்காரன் பாடு என்ன என்று இன்னொருவர் எழுந்தார். செவ்வாய் போய்த் தாமிரபரணி வந்துவிட்டது. போன சாகுபடியில் யார் மடையை யார் உடைத்தார் என்று துண்டை உதறிக்கொண்டு சண்டை. "ஐயா, அங்கே ஆள் இருக்கிறதே நிச்சயமில்லை" என்று கத்திப் பார்த்தேன். ஒருவர் என்னை அடக்கிவிட்டுச் சங்கரனிடம் கேட்டார்: "தம்பி, அங்கன கடைமடைக்காரன் தண்ணிக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? அத மொதல்ல சொல்லும்!"

காலி பெஞ்சுகள்

அதற்குப்பின் சனிக்கிழமை கூட்டம் கரைந்தது. ஏன் வருவதில்லை என்று கந்தசாமியை வராந்தாவில் மறித்துக் கேட்டேன். "பரீட்சையில வராதுல்லா சார்" என்றான்.

ஆறுமுகம்

ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஆறுமுகம் ஒருவன் மட்டும் விடாமல் வந்தான். பத்திரிகையில் இருப்பதை நம்பமாட்டான். என்னோடு சண்டை பிடிப்பான். வருஷக் கடைசியில் கமிட்டியார் முன்னால் அவனைத்தான் நிறுத்தினேன். சூரியனுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது விஷயம்.

"நிலக்கரி மாதிரி எரிஞ்சா எப்பவோ சாம்பலாயிருக்கும்" என்றான். "சுருங்கிச் சுருங்கிச் சூடாகுதுன்னு சொல்லுதாவ. அப்பிடின்னா சூரியனுக்குச் சில கோடி வருஷந்தான் வயசு வரும். ஆனா பூமியில உள்ள பாறைக்கே அதவிட வயசு கூட. ரேடியம்னு புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காவ, அதுவா இருக்குமோன்னு ஒரு யோசன. அதுவும் நிச்சயமில்ல. சூரியன் எதனால காயுதுன்னு இன்னிக்கு வரைக்கும் உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

காகிதம் இல்லை, நெட்டுரு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே வருஷமெல்லாம் இந்தப் பாடு பட்டேன்! கமிட்டியில் இருந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி பைய எழுந்து, "அப்ப உங்க சாருக்கும் தெரியாதோ?" என்றார். ஆறுமுகம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "தெரியாது" என்றான்.

எல்லோரும் போனபின் பிரின்ஸிபல் என் தோளில் கைவைத்தார். கோபமே இல்லை, பரிதாபம்தான். "பையன் சொந்தப் புத்தியிலதான் பேசினான், நான் இல்லேங்கல. ஆனா ஒருத்தருக்கும் தெரியாததச் சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியாரும் ஒரு வகுப்பும் எதுக்கு வே?"

இப்போது சனிக்கிழமைதோறும் அதே அறையில் பழைய பரீட்சைக் கேள்விகளுக்கு விடை எழுதிப்போடுகிறேன், உட்கார இடமில்லாமல் பையன்கள் நின்றுகொண்டே எழுதுகிறார்கள்.