சேறு பூசிய பன்றிக்கு எத்தனை மீட்டர்

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு காட்டுப்பன்றி என் மனைவியின் தொடையைக் கிழித்தது. முதல் நாள் சாயங்காலம் அவளுடைய சொந்த அண்ணன் சுட்டு, சாகாமல் தப்பிய பன்றி அது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லையும் அதை ஒட்டி முந்திரிக்காடும் உண்டு. பன்றிகள் கடலையை வேரோடு உழுது போட்டதால் வனத்துறையிடம் மனு கொடுத்து எழுத்து அனுமதி வாங்கியிருந்தோம். மச்சான் பட்டாளத்தில் இருந்து வந்தவர். லைசென்சோடு ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அன்று கொல்லையின் மறுகோடியில் பன்றியைக் கண்டதும், “மாப்ள, நாப்பது மீட்டர்தான். கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்” என்றார். குண்டு பின்சப்பையில் பட்டது. பன்றி காலை இழுத்துக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டது. பிறகு நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். எழுபது தப்படிக்கு மேல் இருந்தது.

“உள்ளே போகாதே” என்று மனைவியிடம் சொல்லித்தான் இருந்தேன். முந்திரிக்கொட்டை விழுந்து கிடக்கிறதே என்று விடியற்காலையில் போய்விட்டாள். அலறல் கேட்டு ஓடினேன். தொடைச்சதை கதவு போலத் திறந்து கிடந்தது. என் துண்டை வைத்து அழுத்தினேன். விரல் இடுக்கெல்லாம் சூடாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. “இயேசுவே, இயேசுவே” என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. மச்சான் ஓடி வந்து பார்த்துவிட்டு, தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

அவள் பிழைத்தாள். பன்றியும் பிழைத்துக் கிடந்தது. அந்த வாரமே எங்கள் தெரு நாயொன்றின் குடலை உருவிப் போட்டது. அங்கே கொட்டை பொறுக்கும் எட்டு வீட்டுப் பெண்களும் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. பழம் விழுந்து அழுகியது, கொட்டை மரத்தடியிலேயே கிடந்தது. வருஷத்துக்கு ஒரு முறை வரும் வருமானம் அது. மச்சான் மறுபடியும் துப்பாக்கியைத் தூக்கினார். நான் குறுக்கே நின்றேன்.

“தூரம் தெரியாம சுட்டீங்கன்னா இன்னொரு பொம்பள சாவா மச்சான்.”

அவர் துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார். வனக்காப்பாளர்தான் சொன்னார், லேசரில் தூரம் அளக்கிற கருவி வந்திருக்கிறது, கண்ணில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் எண்ணாகத் தெரியும் என்று.

திருச்சியில் பைனாகுலர் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மச்சானோடு பட்டாளத்தில் இருந்தவர். விலை குறைந்ததில் இரண்டை எடுத்து வைத்தார். “ஒண்ணு கோல்ப் ஆடுறவங்களுக்கு. முன்னாடி எது நிக்கிதோ அதத்தான் அளக்கும். இன்னொண்ணு வேட்டைக்கு. முன்னாடி இருக்குற புல்லு, செடியெல்லாம் தள்ளிட்டு தூரத்துல நிக்கிறதச் சொல்லும். ரெண்டையும் கொண்டுபோய்ப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பிக் குடுங்க” என்றார்.

இரண்டு பெட்டியிலும் அறுநூறு மீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் கோயிலின் வெள்ளைச் சுவரைப் பார்த்து அமுக்கினால் அவ்வளவு தூரத்துக்கும் எண் வரத்தான் செய்தது. ஆனால் நாங்கள் சுடப்போவது சுவரையா? பன்றி கறுப்பு, மேலே சேறு வேறு. அதனால் குளத்தில் புரண்டு எழுந்த ஓர் எருமையை மேட்டில் நிறுத்தச் சொல்லி, கிணற்றுக் கயிற்றால் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். எருமைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னங்கய்யா, எருமைக்கு ஜாதகம் பாக்குறீங்களா?”

“மாப்பிள பாக்குறோம். செத்த அசையாம நிப்பாட்டுங்க” என்றார் மச்சான். தங்கை அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கோல்ப் கருவி நூற்றைம்பது மீட்டருக்கு மேல் எருமையைக் கண்டுகொள்ளவே இல்லை. நடுவில் ஒரு முந்திரிக் கிளையைப் பிடித்தால் கிளையின் தூரத்தைத்தான் சொன்னது. வேட்டைக் கருவி கிளையை விட்டுவிட்டு எருமையைச் சொன்னது, கயிற்றுக் கணக்கோடு ஒத்தும் போனது. விலை சற்றுக் கூடுதல்தான். அதையே வைத்துக்கொண்டோம்.

மறுநாள் விடியுமுன் வனத்து அந்தோணியார் கெபியில் மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் காலடியில் ஒரு பன்றி நிற்கும். அதைப் பார்க்காமல் அவர் முகத்தை மட்டும் பார்த்து வேண்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

முந்திரிக்காட்டு ஓரம் மச்சான் முட்டிபோட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கருவியோடு நான், பின்னால் வனக்காப்பாளர். எங்கள் இடப்பக்கம் பத்துத் தப்படியில் ஒரு புதர். அங்கிருந்து நாற்றம் வந்தது. அழுகிய முந்திரிப்பழம் என்று நினைத்தேன்.

வெளுத்து வரும்போது கொல்லையின் மறுகோடியில் பன்றி இறங்கியது. கருவியைக் கண்ணில் வைத்தவன் எடுக்கவே இல்லை.

“தொண்ணூத்தாறு.”

“ம்.”

“எம்பத்தொண்ணு… அறுவத்திரண்டு.”

“போதும் மாப்ள, அடிச்சிருவேன்.”

“பொறுங்க மச்சான். ஒங்க தங்கச்சிய நெனச்சுக்கங்க.”

பொறுத்தார். வியர்வை அவர் காதோரம் இறங்கியது.

“நாப்பத்தேழு… முப்பத்தெட்டு. அடிங்க.”

காதுக்குக் கீழே பட்டது. சத்தம்கூட இல்லாமல் பன்றி அப்படியே சாய்ந்தது. “ஆண்டவரே!” என்று மச்சான் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். துப்பாக்கி காலி.

அப்போதுதான் புதர் பிளந்தது.

நொண்டிக்கொண்டு வந்தாலும் அந்த இன்னொரு பன்றியின் வேகம் குறையவில்லை. தொடைச்சந்தில் குத்தி மச்சானைத் தூக்கி எறிந்தது. விழுந்தவரின் அடிவயிற்றில் மறுபடி குத்திக் கிழித்தது. வனக்காப்பாளர் தடியால் அடித்தார், தடி ஒடிந்தது. கருவியைப் போட்டுவிட்டு இடுப்பில் செருகியிருந்த அருவாளை உருவினேன். முதல் வெட்டு முதுகில் வழுக்கியது. இரண்டாவது கழுத்தில் இறங்கியது. அது திரும்பி என் முழங்காலில் மோதியது. அதன் மேலேயே விழுந்து வெட்டினேன். மண்டையில், கண்ணில், மூஞ்சியில். எலும்புத் தூள் என் உதட்டில் ஒட்டியது. எத்தனை வெட்டு என்று தெரியாது.

வனக்காப்பாளர் என் கையைப் பிடித்துத் தொங்கினார். “அண்ணே, செத்துருச்சுண்ணே. விடுங்கண்ணே!”

அதன் பின்சப்பையில் பழைய குண்டுக்காயம் இருந்தது. அதற்குள் புழு நெளிந்தது. நாற்றம் அதிலிருந்துதான். தூரத்தில் விழுந்து கிடந்ததன் உடம்பில் வேறு காயமே இல்லை. தூரத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டு, பத்துத் தப்படியில் படுத்திருந்ததை நான் கவனிக்காமல் விட்டேன். கருவியைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணும் மூக்கும் எனக்கு ஆண்டவர் கொடுத்தவை. செத்த பிறகும் வெட்டியதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புதரைப் பார்க்காததையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

ஆம்புலன்சில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மச்சானின் வயிற்றில் கட்டிய துணியை நான்தான் அமுக்கிப் பிடித்திருந்தேன். அவர் உதடு வெளுத்துவிட்டது.

“எது மாப்ள அது?”

“காயம்பட்டதுதான் மச்சான். நீங்க சுட்டது வேற.”

“செத்துருச்சா? நல்லாப் பாத்தியா?”

“என் கையாலயே வெட்டுனேன்.”

“வேற எதுவும் உள்ள இல்லியே?”

“இல்ல மச்சான். வனக்காப்பாளர் பாத்துட்டாரு.”

“அப்ப அவளுகளக் கொட்ட பொறுக்கப் போகச் சொல்லு” என்றார். அதன் பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருமுன் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது.

இரண்டு பன்றிகளையும் வனத்துறையினர் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். மச்சானை அடக்கம் செய்த மறுநாள் காலை எட்டு வீட்டுப் பெண்களும் கூடையோடு முந்திரிக்காட்டு வாசலில் நின்றார்கள். யாரும் முதலில் போகவில்லை. என் மனைவி கம்பை ஊன்றிக்கொண்டு, தையல் போட்ட காலை இழுத்தபடி அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.