நின்றுபோன படம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நெட் கஃபேயில் மூன்று வருடம் வேலை செய்தேன். யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்த காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வெளிக்கிட்டு, வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பேன். அந்த மூன்று வருடத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வசனம் ஒன்று உண்டென்றால், "தங்கச்சி, நெட் ஸ்லோ, கொம்பியூட்டர் ஹேங்காயிட்டுது" என்பதுதான்.

நெட் மெதுவானால் கணினி இறுகிப்போகாது. இதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இணைப்பு மந்தமானால் வெளியிலிருந்து வருவதுதான் பிந்தும். ஈமெயில் திறக்காது, படம் பாதியில் நிற்கும், குரல் வெட்டி வெட்டி வரும். மிஞ்சிப்போனால், காத்துக்கொண்டிருக்கிற அந்த ஒரு புரோகிராம் அசையாமல் நிற்கும். அதை மூடினால் சரி. மௌஸை அசைத்தால் அம்புக்குறி ஓடும், மூலையில் மணிக்கூடு மாறும். அம்புக்குறியும் மரத்துப்போனால்தான் கணினியில் பிழை. வைரஸ், சூடு, பழைய மெஷின், முதல் வந்தவர் மூடாமல் விட்டுப்போன பத்துப் பக்கங்கள். எங்கள் கடையில் இருந்த ஐந்தில் இரண்டுக்கு இந்த வியாதி இருந்தது. யாருக்கு நான் சொல்லி என்ன, ஆட்கள் மொனிட்டரின் தலையில் தட்டிவிட்டு நெட்டைத்தான் திட்டினார்கள்.

மூன்றாம் நம்பர் கணினியில் வீடியோவில் கதைக்க ஞாயிறு பின்னேரங்களில் ஒரு அக்கா வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவர். புருஷன் லண்டனில். கலியாணம் முடித்து, இரண்டு மாதம் கூட இருந்து, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நாலு வருடம்.

லொட்ஜில் இருக்கிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்ற கேள்விக்கு ஒரு காரணமும் வேண்டும். அக்காவின் காரணம் லண்டன். கணவர் ஸ்பொன்சர் பேப்பர் போடுகிறார், விசா வரப்போகிறது என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கணவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "பேப்பர் போட்டாச்சோ?"

அந்தக் கேள்வியோடு படம் நின்றுவிடும். அதுவரை சாப்பாடு, தடிமன் காய்ச்சல், லண்டன் குளிர் என்று கதை ஒழுங்காகப் போகும். பேப்பர் என்றதும் அந்த மனிதர் வாய் பாதி திறந்தபடி அப்படியே நிற்பார். "ஹலோ, ஹலோ, கேக்குதே?" என்று அக்கா கத்துவார். கொஞ்ச நேரத்தில் அழைப்பு அறுந்துவிடும். "உங்கட மெஷினும் லைனும் சரியில்லைத் தங்கச்சி" என்று ஒரு சிரிப்போடு எனக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு அது மானப் பிரச்சினை. எங்கள் கடையில் இருந்த மெஷின்களில் உருப்படியானது மூன்றாம் நம்பர். அதைத் துப்புரவாக்கி, வைரஸ் பார்த்து, பிள்ளையைப்போல வைத்திருந்தது நான். ஒரு ஞாயிறு படம் நின்றதும் எழும்பிப் போனேன். மௌஸை அசைத்தேன், ஓடியது. பக்கத்துக் கணினியில் ஒருவர் கனடாவோடு வெட்டில்லாமல் கதைத்துக்கொண்டிருந்தார். மெஷினும் சரி, லைனும் சரி. பிறகுதான் படத்தை வடிவாகப் பார்த்தேன். மனிதரின் தோளுக்குப் பின்னால் டீவி, டீவியில் கிரிக்கெட். ஒருவன் ஓடிவந்து பந்தைப் போட்டான். அடித்த பந்தைத் துரத்தி இன்னொருவன் ஓடினான். மனிதர் மட்டும் கண் இமைக்காமல் இருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அக்காவுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். என் மெஷினில் இத்தனை நாளும் பழி போட்டதற்கும்தான் என்று இப்போது தெரிகிறது. குனிந்து மைக்கில் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்குப் பின்னால டீவியில மெட்ச் நல்லா ஓடுது. நீங்கள் மட்டும்தான் ஹேங்காகி நிக்கிறியள்."

மனிதர் திரும்பி டீவியைப் பார்த்தார். திரும்பின பிறகு பழையபடி நிற்க வழியில்லை. குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். ஹெட்போன் அக்காவின் காதில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அக்கா "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்". இந்தத் தடவை அழைப்பை நிறுத்தியது அக்காதான்.

நான் ஏதோ பெரிய காரியம் செய்தவள்போல் நின்றுகொண்டிருந்தேன். அழுவார், தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசையில் வைத்தார்.

"இவர் போடமாட்டார் எண்டு எனக்கு எப்பவோ தெரியும் தங்கச்சி. இவ்வளவு நாளும் வாய் திறந்து இல்லை எண்டு சொல்லேல்லைத்தானே. அதால பொலிஸில போய், விசா வரும் எண்டு சொல்ல ஏலுமா இருந்தது. இண்டைக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டார். வாற புதன்கிழமை திரும்பப் பதிய வேணும். ஏன் நிக்கிறாய் எண்டு கேட்டா இனி என்னத்தைச் சொல்லுறது?"

வெட்கத்தில் அவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அக்கா வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு லொட்ஜுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையே அறையை விட்டுவிட்டார் என்று மனேஜர் சொன்னார். எங்கே போனார் என்று கேட்டேன். ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்றுதான் பொலிஸ் எழுதச் சொல்லியிருக்கிறது, போகிற இடம் எழுதுவதில்லை என்றார்.