எண்ணெய் குடிக்கிற கார்

என்ஜினை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முகப்பவுடர் டப்பாவை அதன்மேல் கவிழ்க்கிறார் செல்லையன். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எங்கே பவுடர் கறுக்கிறதோ அங்கே எண்ணெய் ஒழுகல். "என் பொண்டாட்டி வாங்குறது பாதி, காருக்குப் பூசுறது பாதி" என்பார்.

நெரவி சாலையில் இவரைப் போலப் பயந்தாங்கொள்ளி மெக்கானிக் கிடையாது. கரும்புகை வந்தால் டீசல் கூடுதல் என்று சிரிப்பார். டீசல் வண்டியில் நீலப்புகை வந்தால், என்ஜின் எண்ணெய் எரிகிறது என்று முகம் வெளுத்துவிடும். பட்டறைக்குப் பேச வந்துபோகும் நானும் கேலி செய்தவன்தான். "சிரிங்க சார். ஒழுகுற வண்டி தரையத்தான் நனைக்கும். குடிக்கிற வண்டி ஆளக் கொல்லும்" என்பார்.

எண்பத்து நாலில் ஒரு காலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற குஞ்சிதபாதம், ஊருக்கெல்லாம் 'சொல்தா' (பிரெஞ்சில் சிப்பாய்), கப்பலில் கொண்டுவந்த டர்போ டீசல் காரில் வந்து நின்றார். பின்சீட்டில் மகள் அல்லி, எட்டு மாதக் கர்ப்பிணி. புதுச்சேரிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. என்ஜின் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறதாம்.

மெதுவாக ஓடவிட்டுப் பார்த்ததில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. செல்லையன் என்ஜினை நிறுத்தினார். என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் அந்த டர்போவின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டார். விரல் முழுக்க எண்ணெய். நடுத்தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆடியது.

"வெளிய ஒழுகல ஐயா, உள்ள குடிக்குது. டர்போ சீல் போயிட்டு. எண்ணெ எவ்வளவு ஊத்துனீங்க?"

"குறையுதேன்னு கோட்டுக்கு மேலயே ஊத்திருக்கேன். கூட இருந்தா நல்லதுதானே!"

செல்லையன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, சாவியத் தொடாதீங்க! தன் எண்ணெயக் குடிச்சே ஓட ஆரம்பிச்சிரும், வெடிக்கிறவரைக்கும் நிக்காது. தங்கச்சி, நீ எறங்கும்மா, வாடகைக் கார் சொல்றேன்."

"குண்டுக்கே பயப்படாதவன்யா நான். இதுக்கா பயப்படுவேன்?" சொல்தா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகி, ஒரு மிதி மிதித்தார்.

காலை எடுத்த பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. சாவியை உருவிக்கொண்டு வெளியே குதித்தார். சாவி அவர் கையில், என்ஜின் இன்னும் ஓடுகிறது! நீலப்புகை சாலையை மறைத்தது. உள்ளிருந்து "அப்பா! அப்பா!" என்று அல்லி கத்தினாள். கார் ஆடிய ஆட்டத்தில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் ஓடினோம். சொல்ல வெட்கமென்ன, நான்தான் முதலில் ஓடினேன்.

செல்லையன் மட்டும் ஓடவில்லை. கீழே கிடந்த பலகையை எடுத்து டர்போவின் வாயில் வைத்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினார். காற்று கிடைக்காமல் என்ஜின் இருமியது, குலுங்கியது, அடங்கியது.

"நின்னுட்டு செல்லையா, விடு" என்றேன் திரும்பி வந்து.

அவர் விடவில்லை. அல்லி கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, சாலையைக் கடந்து எதிர்க்கடை பெஞ்சில் உட்காரும்வரை, அணைந்த என்ஜினை அழுத்திக்கொண்டே நின்றார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் பலகை இரும்பில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.