கால் பட்டால் கும்பிடுகிறவள்

எங்கள் பள்ளியில் பி.டி. பீரியடு ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி. கணக்கு சாருக்குப் பாடம் முடியவில்லையா, எடுத்துக்கொள்வார். அறிவியல் டீச்சர் தேர்வு வைக்க வேண்டுமா, அவரும் எடுத்துக்கொள்வார். நான் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, சோழபுரம் பக்கம் போகிற இன்னொரு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறவள். கழுத்தில் தொங்கும் விசிலைத் தவிர அங்கே எனக்கென்று ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்தால், "ஓடுறதுக்கு ஒரு வகுப்பா டீச்சர்?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

மிச்சம் மீதி கிடைத்த பீரியடுகளில்தான் பெண்பிள்ளைகளை வைத்து ஒரு கபடி அணியைத் தேற்றினேன். அதில் எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி ரெய்டு போனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒல்லிக்குச்சி உடம்பு, நீளக் கால். கையால் தொடுகிற வேலையே கிடையாது. பின்னங்காலை நீட்டி எதிரணிக்காரியை ஒரு தட்டு தட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு வந்துவிடுவாள்.

வந்துவிடுவாள் என்று இப்போது எழுதுகிறேன். ஆரம்பத்தில் வரமாட்டாள். யார்மேல் கால் பட்டாலும் நின்று, குனிந்து, அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். புத்தகத்தில் கால் பட்டாலும் மனுஷர்மேல் கால் பட்டாலும் கை தானாகப் போகும். ஆனால் கபடியில் அந்த நேரத்துக்குள் எதிரணி மொத்தமும் சேர்ந்து அமுக்கிவிடும்.

"ஏட்டி, ஆட்டத்துல கால் பட்டா பாவமில்ல. அது பாயிண்டு. தட்டுனியா, திரும்பிப் பாக்காம ஓடி வா" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

"சரி டீச்சர்" என்பாள். அடுத்த ரெய்டிலும் குனிவாள். கடைசியில், கோட்டைத் தாண்டி வந்த பிறகு வேண்டுமானால் அங்கிருந்தே கும்பிட்டுக்கொள் என்று சமாதானத்துக்கு வந்தோம். அதன்பின் அவளைப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

அவள் அம்மா மில்லில் வேலை பார்ப்பவர். எட்டாவதோடு விளையாட்டு போதும் என்று முடிவாக இருந்தார். நான் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். குறுவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்க வழியுண்டு, சாப்பாடும் படிப்பும் ஆட்டமும் அங்கேயே என்றேன்.

"எம்புட்டு நாளைக்குத்தான் மண்ணுல பெரண்டுக்கிட்டு வருவா? சரி, உங்களுக்காகச் சொல்லுதேன் டீச்சர். இதுல ஜெயிக்கட்டும், அனுப்புதேன். தோத்துட்டா இதோட விட்டுரணும். பொறவு நீங்க வந்து நிக்கக் கூடாது."

"சரி, ஆனா ஆட்டத்தை நீங்க வந்து ஒரு தடவ பாக்கணும்" என்றேன். மகள் ஆடுவதைக் கண்ணால் பார்த்தால் தோற்றாலும் மனசு மாறுவார் என்பது என் கணக்கு.

வந்தார். ராஜபாளையத்தில் இறுதி ஆட்டம். ஷிப்டு முடித்து நேராக வந்தவரின் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசி ரெய்டு எங்களுடையது. இவள்தான் போனாள்.

எதிரணியில் ஒரு சின்னப் பெண் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து இவள் காலை நீட்ட, அது நேராக அவள் கன்னத்தில் விழுந்தது. சத்தம் எனக்கே கேட்டது. தொட்டாயிற்று. கோடு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு தாவல் போதும்.

இவள் நின்றுவிட்டாள்.

"வந்துரு! வந்துருட்டி!" என்று அலறினேன். களத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது. விசிலும் நடுவரிடம் இருந்தது. இவள் திரும்பி, குனிந்து, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வாய் மட்டும் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே இருந்தது. அடிபட்டவள்தான் முதலில் இவள் காலைக் கட்டிப் பிடித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் டீச்சர் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். ஆட்டம் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? ஏன் மரியாதையாக நடந்தாய் என்றா? அம்மாவிடம் ஓடினேன்.

"அந்தப் பிள்ள மூஞ்சியில மிதிச்சிட்டு அப்படியே ஓடியாரச் சொல்லுதீங்களா டீச்சர்? நான் வளத்த பிள்ள அப்படிச் செய்யாது" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அப்போ அவ ஆட்டம்..."

"பேசுனது பேசுனதுதான். இவ அப்பா, அவிய ஏற்கெனவே ஏசுதாவ. விட்டுருங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் நான்தானே. மகள் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் பி.டி. பீரியடில் அவள் விளையாட வரவில்லை. மற்றவர்களின் பைகளுக்குக் காவலாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பந்தை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கியபோது ஒரு பை காலில் இடறியது. சட்டென்று குனிந்து, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகிவிட்டது.

"ஓடிரலாம்னுதான் டீச்சர் நெனச்சேன்" என்றாள். "எங்கம்மா பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அம்மாவை ஆட்டம் பார்க்க வரச் சொன்னது நான் என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. அதற்குள் கணக்கு சார் வந்து, பாடம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, இந்தப் பீரியடை எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். தலையாட்டினேன். அவள்தான் முதலில் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.