முட்டையும் மெத்தையும் போகும் சந்து

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண்மணி அதன் பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் முதுகில் அம்மா தட்டுவதைப் போல. "போய்ட்டு வாப்பா" என்பார். ஓட்டுநருக்கு அது கேட்காது. சொல்வது ஓட்டுநருக்கும் அல்ல, பஸ்ஸுக்கு. பிறகு சக்கரம் வைத்த காய்கறிப் பையின் கைப்பிடியை நிமிர்த்தி, தரையைப் பார்த்தபடி நடைபாதையில் இழுத்துக்கொண்டு போவார். பையில் காய்கறி இருக்காது. அட்டைத் தட்டில் ஆறு முட்டைகள் இருக்கும்.

நகரத் திட்ட அலுவலகத்தில் தெருக்களை வரைவது அவர் வேலை. நடைபாதை எவ்வளவு அகலம், சைக்கிள் எந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் ரயிலைப் பிடிக்க எந்த வழியாக நடப்பார் என்பதெல்லாம் அவர் மேசையில்தான் முதலில் கோடாக விழும். கல் பதித்து முடித்து ஒப்பந்தக்காரர் கையைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது, இவர் முட்டைப் பையோடு வந்து சேருவார். உடையாமல் மறுமுனை சேர்ந்தால் நடைபாதை தேறியது. உடைந்தால் கல்லைப் பெயர்க்க வேண்டும். "கைக்குழந்தையை வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறவங்களுக்கு எப்படி இருக்கும்னு முட்டைதான் சொல்லும். நம்ம காலு பொய் சொல்லும்" என்பார்.

அலுவலகத்தில் அவருக்கு முட்டை மேடம் என்று பேர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். அது காதில் விழுந்த மறுநாளே தொலைபேசியை எடுத்து, "முட்டை மேடம் பேசுறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். கிண்டல் செய்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

உடைந்த முட்டை வீணாவதில்லை, டப்பாவில் வீட்டுக்கு வந்துவிடும். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே ஊர் நிலவரம் சொல்வார். ஆம்லெட் பெரிதாக இருந்தால், "இன்னிக்கு ரோடு ரொம்ப மோசமோ" என்று விசாரிப்பார். வெறும் காய் மட்டும் இருந்தால், "நல்லா வேலை செஞ்சு நம்ம வயித்துல அடிச்சிட்டாங்களே" என்று அலுத்துக்கொள்வார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்த அம்மா சௌக்கியம் விசாரிக்கும் முன் "எதுல வந்தீங்க?" என்றுதான் கேட்பார். இரண்டு பஸ் மாறி வந்தோம் என்றால் முதல் காபி அவர்களுக்கு. காரில் வந்தவர்களுக்கும் காபி உண்டு, கொஞ்சம் தாமதமாகும்.

அவருக்குப் பஸ்மேல் இருக்கும் இந்தப் பாசத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் பிறந்த வீடு நகரத்தின் கடைசித் தெருவில். கல்லூரியில் இடம் கிடைத்தபோது, பெரிய ரோடு வரைக்கும் பெண் பிள்ளை தனியாக நடக்க வேண்டுமே என்று அப்பா இழுத்தார். அந்தக் கோடையில் ஒரு பஸ் தடத்தை அவர்கள் தெருமுனை வரை நீட்டினார்கள். மறுப்பதற்கு அப்பாவிடம் காரணம் இல்லாமல் போயிற்று.

"யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்துல கோட்டை இன்னும் ரெண்டு அங்குலம் இழுத்து விட்டிருக்காரு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். தெரியாததால பஸ்ஸைத் தட்டிக் கொடுக்கிறேன்" என்பார்.

அவர் தன் பங்குக்கு இழுத்த கோடு ஒரு சந்து. பஸ் நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே கடைகள் நிறைந்த குறுகலான சந்து. காரும் மோட்டார் சைக்கிளும் அதை அடைத்துக்கொள்ள, நடப்பவர்கள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்தவர்கள் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி, ரயிலின் வாலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சந்தில் இனி நடையும் சைக்கிளும் மட்டும், பஸ் நிறுத்தம் சந்தின் வாயிலேயே என்று அவர் பல வருடம் மன்றாடினார். கடைசியில் மேலிடம் இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு மாதம் நடத்திப் பார்ப்பது, முடிவில் கடைக்காரர்களைக் கேட்பது. அவர்கள் வேண்டாம் என்றால் கார்கள் திரும்பி வரும், அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

கடைக்காரர்களில் பெரிய குரல் மெத்தைக் கடைக்காரருடையது. அவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். "மெத்தை வாங்குறவன் அதைத் தலையில வச்சுக்கிட்டு பஸ்ல ஏறுவானா மேடம்? கண்டக்டர் மெத்தைக்கும் டிக்கெட் கேப்பாரு" என்றார். அவருடைய மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி எந்நேரமும் சந்துக்குள் வந்து போகலாம், மெத்தையை அதிலேயே வீட்டில் கொண்டு சேர்க்கலாம் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

சந்தில் கார்களைத் தடுத்த முதல் நாள் காலையில் அந்த வண்டி சந்தின் வாயில் மாட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க நட்ட தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே முன்சக்கரம் உள்ளே போய்விட்டது, பின்பக்கம் வரவில்லை. மேலே இரட்டை மெத்தை ஆடிக்கொண்டிருந்தது. கம்பங்களுக்கு இடைவெளி பார்க்கும்போது முட்டைப் பையை இழுத்துப் பார்த்திருந்தார், குழந்தை வண்டியைத் தள்ளிப் பார்த்திருந்தார், சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்தும் பார்த்திருந்தார். வாக்குக் கொடுத்த வண்டியைக் கொண்டுவந்து பார்க்க மறந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் பின்னால் தேங்கியது. ரயில் ஊதியது.

மெத்தைக் கடைக்காரர் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்தபடியே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்க சந்துல முட்டை போகும், மெத்தை போகாதா மேடம்?"

சந்தே சிரித்தது. இவர் சமாளிக்கப் பார்க்கவில்லை. பையைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வண்டியைப் பின்னுக்குத் தள்ளப் போனார். நெரிசலில் யார் காலோ பட்டுப் பை சாய்ந்தது.

அன்றைக்கு வீட்டில் ஆம்லெட் தட்டை மூடியிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்த கணவர் ரோட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மனைவியே சொன்னார்: "நடந்து போறவங்களையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அங்கேயே உக்காந்து பொழைக்கிறவரை மறந்துட்டேன்."

நடுக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டால் மோட்டார் சைக்கிள்கள் வந்துவிடும். அதனால் அதைப் பூட்டு வைத்த கம்பமாக மாற்றச் செய்தார், சாவி போட்டால் கழன்று வரும். சாவி யாரிடம் இருப்பது என்று பொறியாளர் கேட்டார். இவர் நேரே மெத்தைக் கடைக்குப் போய்க் கல்லா மேல் சாவியை வைத்தார். முதல் நாள் நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

"என்கிட்டயா? நான் எதிர்க்கட்சி ஆச்சே மேடம். திறந்து விட்டுட்டேன்னா?"

"விட்டீங்கன்னா சந்து போச்சுண்ணே. அவ்வளவுதான்."

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குடியைக் கெடுத்தீர்களே என்று பொறியாளர் தலையில் கை வைத்தார். அதன் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் முட்டை மேடத்தின் கண் முதலில் அந்தக் கம்பத்தைத்தான் தேடும். அது நின்றுகொண்டிருந்தால்தான் மூச்சு சீராகும்.

அது நின்றது. ஒருநாள் மெத்தைக் கடைக்காரரின் மைத்துனரே காரில் வந்து ஒலி எழுப்பினார், அக்கா வீட்டுக்காரரிடம்தானே சாவி என்ற தைரியம். கடைக்காரர் வாசலுக்கு வந்து, "இறங்கி நடந்து வா மாப்ளே, தொப்பையாவது குறையும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். பக்கத்து மருந்துக் கடைப் பெண் இதை அபிநயத்தோடு சொன்னபோது, முட்டை மேடம் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாத முடிவில் கூட்டம் மெத்தைக் கடையிலேயே நடந்தது, உட்கார இடம் அங்கேதான் தாராளம். மேலதிகாரி ஒரு பஞ்சு மெத்தையில் பாதி புதைந்து உட்கார்ந்து, வியாபாரம் எப்படி என்று ஆரம்பித்தார். ரயிலுக்கு நேரமிருக்கும் போதெல்லாம் ஆட்கள் நின்று வாசல் மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துப் போவதை முட்டை மேடம் தினமும் பார்த்திருந்தார். ஆனாலும் பதிலைக் கடைக்காரருக்கே விட்டுவிட்டார்.

"அதைக் கேக்காதீங்க சார், கண்ணு பட்டுடும்" என்றார் கடைக்காரர். சந்தின் வாய்ப் பக்கம் கையைக் காட்டினார். "கம்பம் அங்கேயே இருக்கட்டும். சாவியும் என்கிட்டயே இருக்கட்டும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் இவர் நன்றி சொல்லப் போனார். கடைக்காரர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரட்டை மெத்தை ஒன்றை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டே, டெலிவரிக்கு நேரமாகிறது, வழி விடுங்கள் என்றார். சந்தின் வாயில் இறங்கிக் கம்பத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார், மறுபடி ஏறி மிதித்தார். வண்டி எதிலும் உரசாமல் வெளியே போயிற்று. பின்னாலேயே நடந்து வந்த முட்டை மேடம் கையை நீட்டி, அதன் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார்.