பதினான்காம் பத்தியில் ஒரு தண்ணீர்த் தொட்டி

“உங்க அம்மா என் கேஸை விளையாட்டா எடுத்துக்கிட்டாங்களா பாப்பா?”

நீதிமன்ற வராந்தாவில் நின்று, சட்டைக் காலரைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டபடி சைக்கிள் கடைக்காரர் என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் காலையிலிருந்து எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா வக்கீல். வீடு, கடை, பாகப்பிரிவினை என்று சொத்து வழக்குகள்தான் அதிகம். பல் துலக்கும்போதே போனில் யாருக்கோ “ம்ம், ம்ம்” என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். என் பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார். “மேற்படி நாளில் பிறந்த என் மகள் சகல நலன்களையும் பெற்று அனுபவித்து வர வேண்டியது” என்று எழுதியிருந்தார். அப்பா அதை வாசித்துவிட்டு, “சாட்சிக் கையெழுத்து யாரு போடறது, நானா?” என்றார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார்.

“வேற மாதிரி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். வரலை” என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கத்தைத் தொடங்கினார். தனக்கென்று அம்மாவிடம் நேரம் கிடையாது. ஆனால் வழக்கைக் கூப்பிடும்வரை காத்திருக்கும் நேரம் இருந்தது. அப்போது கண்ணில் படும் ஒரு பொருளை நன்றாகப் பார்த்து, அதைப் பற்றிச் சில வரிகள் போனில் பேசிப் பதிந்துகொள்வார். கோர்ட்டில் பேசுவது போலப் பேசக்கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட விதி.

முதலில் பேசியதை எனக்குப் போட்டுக் காட்டினார். “நாற்காலி. மரத்தாலானது. ஒரு கால் சேதமடைந்துள்ளது.”

“அம்மா, இது ஜப்திப் பட்டியல் மாதிரி இருக்கு” என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. சில வாரங்கள் கழித்து அதே நாற்காலியைப் பற்றி, “இதுல யார் உட்கார்ந்தாலும் ஒரு பக்கமா சாய்ஞ்சுதான் உட்காரணும். ஜெயிச்சவரா தோத்தவரான்னு பார்த்தா தெரியாது” என்று பேசியிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கூடத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். நாள் முழுக்க நேரம் இருந்தும் நான் எதையும் பார்த்ததில்லை.

சிக்கல் எங்கே வந்ததென்றால், வழக்குக்கு வேண்டியதையும் அம்மா அதே போனில்தான் பேசிப் பதிவார். அதைக் கேட்டு டைப் அடிப்பது குமாஸ்தா மாமாவின் வேலை. வக்கீல் சொன்னதில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒருமுறை அம்மா நடுவில் “ஐயோ, பால் பொங்குது” என்றதையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்தவர் அவர்.

சைக்கிள் கடைக்காரரின் வழக்கில் எழுத்தில் எதுவும் கிடையாது. கட்டடத்தின் பழைய உரிமையாளர் வாய்வார்த்தையாகத்தான் இடம் கொடுத்திருந்தார். அவர் இறந்துவிட்டார். அவருடைய மகன், சாமான் போட்டு வைக்கத்தான் அப்பா அறையைக் கொடுத்தார், இவர் கேட்காமலே கடையாக்கிவிட்டார், காலி செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். கடை போனால் இவருக்குப் பிழைக்க வேறு வழியில்லை.

அம்மா கடையைப் பார்க்கப் போனபோது அவர் ஒரு பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் அம்மா வழக்கம்போல ஏதோ பேசிப் பதிந்தார். திரும்பும் வழியில், வழக்கில் எழுத்தில் கொடுக்க வேண்டிய வாதத்தையும் பதிந்தார். மாமா இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அடித்துவிட்டார். தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். இன்னொரு வழக்கைக் கூப்பிட்டுவிட்ட அவசரத்தில் அம்மா நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளன்று காலையில் சாப்பிட்டுக்கொண்டே தன் பிரதியைப் புரட்டியவரின் கை பாதியில் நின்றது. பதினான்காம் பத்தி இப்படி இருந்தது:

“கடை வாசல்ல ஒரு தண்ணித் தொட்டி. டியூபை உள்ள அமுக்கினா ஓட்டை எங்கேன்னு குமிழி சொல்லிடும். அதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேணாம், யாரும் மிரட்டவும் முடியாது. தொட்டி விளிம்பும் வாசப்படியும் ஒரே கல்லு, ஒரே பூச்சு, கூடப் பிறந்த மாதிரி. எட்டிப் பார்த்தா நம்ம மூஞ்சி ஆடிக்கிட்டே தெரியுது.”

அந்த நேரத்துக்குக் குமாஸ்தா மாமா வழக்குக் கட்டுகளை எடுத்துப்போக வந்தார்.

“அண்ணே, இதை அடிக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“தோணுச்சு மேடம். நல்லா இருக்கேன்னு தோணுச்சு.”

“வாதத்துக்கு நடுவுல மூஞ்சி ஆடுதே அண்ணே!”

“ஏதோ புது மாதிரி வாதாடுறீங்கன்னு நினைச்சேன். உங்களைக் குறுக்கு விசாரணை பண்ண நான் என்ன எதிர்த்தரப்பா?”

“அந்தப் பக்கத்தை மட்டும் மாத்திட முடியாதா?” என்றார் அப்பா.

“ஒண்ணு ஜட்ஜ்கிட்ட இருக்கு, ஒண்ணு எதிர் வக்கீல்கிட்ட இருக்கு. நானே எழுந்து நின்னு சொல்லணும், வேற வழியில்லை.” தட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீயும் வாடி. கூட யாராவது இருந்தா தேவலை.”

வழியில் சிக்னல் பச்சையான பிறகும் அம்மா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். “இனிமே இந்தப் பழக்கமே வேணாம்” என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் எதிர் வக்கீல் எங்களுக்காகவே காத்திருந்தது போல வந்தார். “மேடம், பதினாலாம் பத்தி பிரமாதம்! அடுத்த தடவை ராகம் போட்டுப் பாடிடுங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரருக்கும் அது கேட்டுவிட்டது. அப்போதுதான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

உள்ளே வழக்கைக் கூப்பிட்டதும், எதிர் வக்கீல் வாய் திறக்கும் முன் அம்மா எழுந்தார். “ஐயா, பதினாலாம் பத்தி நான் தனியா பேசி வச்சது. தவறுதலா சேர்ந்துடுச்சு. தப்பு என்னோடதுதான். அதை நீக்கணும்னு கேட்டுக்கறேன்.” பின்வரிசையில் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதாம்மா?”

முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த அம்மாவின் விரல்கள் வெளுத்திருந்தன. நீதிபதி மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

“இந்தத் தொட்டி நிஜமாவே இருக்கா, இல்லை கற்பனையா?”

“இருக்குங்க ஐயா. நானே பார்த்தேன்.”

“ஒரே கல்லு, ஒரே பூச்சுன்னா? படியோட சேர்த்துக் கட்டினதா?”

அம்மா சட்டென்று சைக்கிள் கடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் பதறி எழுந்தார். “இடம் குடுத்த பெரியவர்தான் கட்டிக் குடுத்தாருங்க. படி கட்டுறப்பவே. பஞ்சர் பாக்கத் தொட்டி வேணுமேன்னு.”

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“அது எப்பவும் அங்கதானே கிடக்குங்க. யாரும் கேக்கலையே.”

சாமான் போட்டு வைக்கும் அறைக்கு அந்தத் தொட்டி எதற்கு? எனக்கே அது உறைத்தது. எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். “இது சாட்சியத்துலயே இல்லைங்க ஐயா!”

“அதனாலதான் அந்தப் பத்தியை நீக்கறேன்” என்றார் நீதிபதி. இடத்தை நேரில் பார்க்க நீதிமன்ற ஆணையர் ஒருவரை அனுப்பும்படி அம்மா கேட்டார். “மனுவா போடுங்க. இந்தத் தடவை படிச்சுட்டுப் போடுங்க.”

ஆணையர் வரும்வரை யாருக்கும் நிம்மதியில்லை. யாராவது இடித்துவிடுவார்களோ என்று கடைக்காரர் தொட்டியை ஒட்டியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஆணையர் வந்து பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். படிக்கல் அப்படியே நீண்டு தொட்டிக்கு அடியில் போயிருந்தது. படியும் தொட்டியும் ஒரே நேரத்தில் கட்டியவை என்று அறிக்கை கொடுத்தார். பெரியவர் கடைக்காகத்தான் இடம் கொடுத்தார் என்பது உறுதியாகி, கடை தப்பித்தது.

“வக்கீலா பார்த்தப்ப வாசலோட நீள அகலத்தைத்தான் குறிச்சுக்கிட்டேன். சும்மா பார்த்தப்பதான் அந்தக் கல்லு கண்ணுல பட்டிருக்கு” என்றார் அம்மா. அதை நினைத்தால் அவருக்கு இப்போதும் கொஞ்சம் பயம். இன்னும் எத்தனை வழக்குகளில் எதையெல்லாம் பார்க்காமல் விட்டோமோ என்று.

பழக்கத்தை மறுபடி தொடங்கிவிட்டார். இப்போது, “அண்ணே, இதை டைப் பண்ண வேணாம்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். மாமா அந்த ஒரு வரியை மட்டும் ஒரு தாளில் சுத்தமாக அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று என்னால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு, பிறகு டயருக்குக் காற்றடிக்கப் போனபோது பதில் சொன்னேன். “விளையாட்டாவும் பார்த்தாங்க அண்ணே.” அவர் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டே தலையாட்டினார்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில், எனக்கு எங்கே இதற்கெல்லாம் நேரம் என்று சொல்பவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் வக்கீலாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.