தண்ணீர் ஊற்றும் அம்மா

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போன சமயம். அம்மை இறங்கி மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். போர்டில் தமிழ் போய்த் தெலுங்கு வந்திருந்தது. தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் பசங்கள் விரட்டினார்கள்.

"தள்ளிப் போடா, ஒட்டிக்கும்!"

பள்ளியில் தண்ணீர் ஊற்றும் அம்மா ஒல்லியாக இருப்பார். எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பார். சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"அம்மை எறங்குனதுக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்துனாங்களாடா?"

"எனக்கு ஊத்துனாங்க. தங்கச்சிக்கு ஊத்தல. அதுக்குள்ள செத்துப்பூட்டா."

மெல்லுவதை நிறுத்தினார். என் கையில் ஊற்றினார். வயிறு நிறையக் குடித்தேன். பிறகு வேலியோரம் போய், மூன்று சொம்பு தண்ணீரை மண்ணில் மெதுவாக ஊற்றினார்.

"தங்கச்சிக்கும் ஊத்தியாச்சு. போ, கிளாஸ் நடந்துகினு கீது."

செத்தவளுக்கு அப்படி ஊற்றலாமா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நான் சொல்லவே இல்லை.